முத்திரையும் ஓர் அமானிதம்: வஸீர் மஹ்மூத் கவான் வாழ்வு தரும் பாடம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

நாம் வலங்கைமானிலிருந்து கும்பகோணம் போகும்போதெல்லாம் மகாமகக் குளத்தைத் தாண்டிப் போகிறோம். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர் மன்னர் அல்லர். தஞ்சை நாயக்க மன்னர்களிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர். அரியணையில் ஒருவர் அமர்ந்திருப்பார். கணக்கையும் கஜானாவையும் கடிதங்களையும் முத்திரையையும் இன்னொருவர் சுமந்திருப்பார். நம் ஊர்ப்பக்கம் அவரை அமைச்சர் என்றார்கள், பிரதானி என்றார்கள். நம் கிதாபுகளில் அவருக்குப் பெயர் வஸீர். அந்த அரபுச் சொல்லுக்குள்ளேயே பாரம் என்ற பொருள் இருக்கிறது. பாரத்தைச் சுமப்பவர்தான் வஸீர்.

நபி யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றபோது தம்மிடம் இருந்த இரண்டு தகுதிகளைச் சொன்னார்கள் என்று குர்ஆன் நமக்குக் காட்டுகிறது. ஒன்று பாதுகாக்கும் குணம், மற்றொன்று அறிவு. தம் அழகையோ, தாம் ஒரு நபியின் மகன் என்பதையோ அவர்கள் அங்கே முன்வைக்கவில்லை. அந்த இரண்டு தகுதிகளும் கொண்ட ஒரு வஸீர் நம் இந்திய மண்ணில் வாழ்ந்தார். அவரைக் கொன்றது வாளா, ஒரு காகிதமா என்று இன்றுவரை கேட்கலாம். அவர்தான் பீதர் நகரின் வஸீர் குவாஜா மஹ்மூத் கவான் (ரஹ்).

வியாபாரியாக வந்தவர்

ஈரானின் வடக்கே காஸ்பியன் கடலோரம் கீலான் என்ற நாடு இருந்தது. அங்கே 1411ஆம் ஆண்டு வாக்கில், அரசு அலுவல் பார்த்துப் பழகிய குடும்பத்தில் மஹ்மூத் பிறந்தார். அரண்மனைப் பொறாமையால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போயிற்று. பதவி தேடி அலையாமல் வியாபாரத்தில் இறங்கினார். ஊர் ஊராகச் சரக்கோடு போனவர், போன இடமெல்லாம் ஆலிம்களைத் தேடிப் போனார். அரபுக் கல்லூரியில் ஓதிய எங்களுக்கெல்லாம் இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) என்றால் தனி மரியாதை. ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய அந்த மாமேதையைக் கெய்ரோவில் சந்தித்து இவர் பாடம் கேட்டிருக்கிறார். இப்னு ஹஜரின் மாணவர் இமாம் ஸகாவீ, தம் காலத்துப் பெரியவர்களைப் பற்றித் தொகுத்த நூலில் இவருக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்.

1453 வாக்கில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, கொங்கணக் கரையில் தாபோல் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அங்கிருந்து பஹ்மனி சுல்தான்களின் தலைநகரான பீதருக்கு வந்தார். இன்றைய கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கும் ஊர் அது. அங்கிருந்த ஓர் இறைநேசரைப் பார்த்துவிட்டு டில்லிக்குப் போவதுதான் அவர் எண்ணம். ஆனால் சுல்தான் அலாவுத்தீன் அஹ்மத், இவருடைய அறிவையும் பேச்சையும் கண்டு தம்மிடமே நிறுத்திக்கொண்டார். வழிப்போக்கராக வந்தவரின் ரிஸ்கு தக்காணத்தில் எழுதப்பட்டிருந்தது. அடுத்து வந்த சுல்தான் ஹுமாயூன் அவருக்கு மலிக்குத் துஜ்ஜார் என்ற பட்டம் கொடுத்தார். வணிகர்களின் தலைவர் என்று பொருள்.

சிறுவன் அரசன், திரைக்குப் பின்னால் தாய்

1461இல் ஹுமாயூன் இறந்தார். அரியணைக்கு வந்த மகன் நிஜாம் ஷாவுக்கு வயது எட்டு. ஒரு நாட்டுக்கு இதைவிட ஆபத்தான காலம் வேறில்லை. அரசனின் தாய் நாட்டுப் பொறுப்பை ஏற்றார்கள். அவர்களுக்குத் துணையாகக் குவாஜா ஜஹான் துர்க் என்ற பிரபுவும் மஹ்மூத் கவானும் இருந்தார்கள். அன்றாடம் சிறுவனை அழைத்து வந்து அரியணையில் உட்கார வைப்பார்கள். இரு வஸீர்களும் இருபுறம் நிற்பார்கள். எதை முடிவு செய்தாலும் திரைக்குப் பின்னால் இருக்கும் தாய்க்குச் செய்தி போகும். அங்கிருந்து பதில் வரும்.

சகோதரர்களே! எட்டு வயதுச் சிறுவன் கையில் நாடு இருந்தால், பக்கத்தில் நிற்பவன் எதையும் செய்யலாம். கணக்கைக் கேட்கத் தெரிந்தவர் யாரும் அரியணையில் இல்லை. யத்தீமின் சொத்துக்குப் பொறுப்பான உறவுக்காரனின் சோதனை எதுவோ, அதே சோதனை இங்கே ஒரு நாட்டின் அளவுக்கு இருந்தது. மாள்வா சுல்தான் சிறுவன்தானே என்று படையெடுத்து வந்து பீதர் நகரையே பிடித்தார். மஹ்மூத் கவான் குஜராத் சுல்தானிடம் உதவி கேட்டுப் படையோடு திரும்பி வந்து எதிரியை விரட்டினார். மீட்ட தலைநகரை அந்தச் சிறுவனிடமே ஒப்படைத்தார்.

1463இல் நிஜாம் ஷாவும் இறந்துபோனார். அடுத்து வந்த தம்பி மூன்றாம் முஹம்மத் ஷாவும் சிறுவர்தான். 1466இல் குவாஜா ஜஹான் துர்க் கொல்லப்பட்ட பிறகு, நாட்டின் முழுப் பாரமும் மஹ்மூத் கவான் தோளில் ஏறியது. அடுத்த 15 ஆண்டுகள் அதை அவர் இறக்கி வைக்கவில்லை.

அந்த வஸீர் என்ன வேலை செய்தார்?

பெரிய பதவி என்றால் பல்லக்கும் பட்டாடையும் என்று நினைக்கிறோம். மஹ்மூத் கவான் செய்த வேலைகள் பெரும்பாலும் கணக்கு வேலைகள்.

நாடு நான்கே மாகாணங்களாக இருந்தது. ஒவ்வொரு மாகாண அதிகாரியும் குட்டி அரசன் போல் நடந்துகொண்டார். அவர் அதை எட்டாகப் பிரித்தார். ஒரு மாகாணத்தின் கோட்டைகள் எல்லாம் ஒரே அதிகாரியின் கையில் இருந்ததை மாற்றி, அவருக்கு ஒரு கோட்டையை மட்டும் விட்டு, மற்றவற்றுக்குத் தலைநகரிலிருந்தே ஆட்களை நியமித்தார். ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு பகுதி நிலத்தின் வருமானம் நேராக அரசுக் கஜானாவுக்கு வர ஏற்பாடு செய்தார்.

நிலத்தை அளக்கச் செய்தார். ஊர்களின் எல்லையைக் குறிக்கச் செய்தார். நம் டெல்டாக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். சிட்டாவிலும் அடங்கலிலும் பெயர் சரியாக இல்லாமல் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடந்தவரைக் கேட்டால் சொல்வார். அளவும் பதிவும் இல்லாத இடத்தில் எளியவனிடம் இரண்டு முறை வசூலாகும். வலியவனிடம் ஒரு முறையும் வசூலாகாது.

படைக்கணக்கையும் சரிசெய்தார். 500 வீரர்களை வைத்துப் பராமரிக்க ஒரு தளபதிக்கு ஆண்டுக்கு 1,00,000 ஹூன் என்று இருந்தது. ஹூன் என்பது நம் பக்கம் வராகன் என்று வழங்கிய பொற்காசு. அதை அவர் 1,25,000 ஆக உயர்த்தினார். ஆனால் ஓர் ஆள் குறைந்தாலும் அதற்குரிய தொகையைப் பிடித்துக்கொள்ளும்படி விதி செய்தார். காகிதத்தில் 500 பேர், களத்தில் 300 பேர் என்ற ஏமாற்று இதனால் நின்றது. கூலியைக் கூட்டிக் கொடுத்துவிட்டுக் கணக்கைக் கேட்டார். இந்த வரிசையைக் கவனியுங்கள். நாம் பல இடங்களில் கூலியைக் குறைத்துவிட்டுக் கணக்கை மட்டும் கேட்கிறோம்.

பஹ்மனி அரசவையில் இரண்டு கட்சிகள் இருந்தன. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் இருந்த தக்னிகள் ஒரு பக்கம். ஈரான், துருக்கி, அரபு நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் மறுபக்கம். இவர் வந்தவர்களில் ஒருவர். ஆனாலும் தம் ஆட்களுக்கே எல்லாவற்றையும் கொடுக்காமல் மாகாணப் பதவிகளை இரு சாராருக்கும் பங்கிட்டார். பின்னாளில் தம் மரணத்துக்குக் காரணமான மலிக் ஹசன் நிஜாமுல் முல்க் என்ற தக்னிப் பிரபுவுக்கும் பெரிய மாகாணப் பொறுப்பு கிடைத்திருந்தது.

பட்டாடையைக் கழற்றிய இரவு

மூன்று ஆண்டுக் கொங்கணப் போர் முடிந்து 1472இல் கோவா துறைமுகத்தைப் பிடித்துவிட்டு அவர் திரும்பினார். சுல்தானே அவர் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கினார். அரசனின் தாய் அவரைச் சகோதரர் என்று அழைத்தார்கள். ஒரு வஸீருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

சுல்தான் புறப்பட்டுப் போன பிறகு நடந்ததை வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்தா எழுதியிருக்கிறார். மஹ்மூத் கவான் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அரசர் போர்த்திய ஆடையைக் கழற்றினார். தரையில் விழுந்து அழுதார். பிறகு ஃபகீர்கள் உடுத்தும் எளிய ஆடையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஆலிம்களையும் ஏழைகளையும் அழைத்துத் தம்மிடமிருந்த பணத்தையும் நகைகளையும் பங்கிட்டுக் கொடுத்தார். கிதாபுகளையும் யானை, குதிரைகளையும் மட்டும் கொடுக்கவில்லை. ஏனென்று கேட்டவரிடம், கிதாபுகள் ஓதும் மாணவர்களுக்குரியவை, யானையும் குதிரையும் சுல்தானுக்குரியவை, அவை தம் சொத்து அல்ல என்று விளக்கினார்.

தானம் செய்யும்போதுகூட எது தம்முடையது, எது தம்மிடம் இருப்பது என்று பிரித்துப் பார்த்த மனிதர் அவர்! பொதுச் சொத்தை எடுத்து ஸதகா கொடுத்துப் பெயர் வாங்குவது அவருக்குத் தெரியாது.

அவருடைய சொந்தச் செலவு அரசுப் பணத்திலிருந்து வரவில்லை. ஈரானிலிருந்து கொண்டு வந்த முதலை வைத்து வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்தினார். தம் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 12 லாரின் வெள்ளிக்காசு அதிலிருந்து எடுத்துக்கொள்வார். மிச்சம் ஏழைகளுக்கு. பதவிக்கென்று வந்த நில வருமானம் படைவீரர்களுக்கும் குதிரைகளுக்கும் போய்விடும். பாயில் படுப்பார், மண்பாண்டத்தில் சாப்பிடுவார். வெள்ளி இரவுகளில் மாறுவேடத்தில் தெருத்தெருவாகப் போய்க் கொடுப்பார். கொடுத்தது தாம் என்று சொல்லாமல், சுல்தான் அனுப்பியது என்று சொல்லிவிடுவார். நாம் பள்ளிக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தால் அதன் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதச் சொல்கிறோம்.

876 என்ற எண்

பீதரில் அவர் ஒரு மதரஸா கட்டினார். நீளம் 205 அடி, அகலம் 180 அடி, மூன்று அடுக்கு. முகப்பில் வண்ண ஓடு பதித்த மினாராக்கள். உள்ளே பள்ளிவாசல், பாட அறைகள், ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கும் அறைகள். சுமார் 3,000 கிதாபுகள் கொண்ட நூலகம். தூர நாட்டு ஆலிம்களையெல்லாம் கடிதம் எழுதி அழைத்தார். பாரசீக மகாகவி மௌலானா ஜாமீயோடும், கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற உஸ்மானிய சுல்தான் முஹம்மத் ஃபாதிஹோடும் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவருடைய கடிதங்கள் ரியாளுல் இன்ஷா என்ற பெயரில் நூலாக இருக்கின்றன.

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்தக் காலத்தில் ஒரு கட்டடம் எழும்பிய ஆண்டை எழுத்துகளின் கூட்டுத்தொகையில் வைத்துச் சொல்வார்கள். இந்த மதரஸாவுக்கு ஒரு கவிஞர் தேர்ந்தெடுத்தது, நபி இப்ராஹீமும் நபி இஸ்மாயீலும் (அலை) கஅபாவின் சுவரை உயர்த்தியபோது கேட்ட துஆவின் தொடக்கம். தங்கள் உழைப்பை ஏற்றுக்கொள்ளும்படி ரப்பிடம் மன்றாடிய சொற்கள் அவை. ஓதிய பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பாருங்கள். சரியாக 876 வரும். ஹிஜ்ரி 876, அதாவது 1472 வாக்கு. கட்டடத்தின் ஆண்டைக் கேட்டால் அது துஆவாக விடை சொல்கிறது.

குடித்த கை வைத்த முத்திரை

1473இல் அரசனின் தாய் இறந்தார்கள். வஸீரை அறிந்து காத்த திரை அதோடு விலகிற்று. சுல்தான் முஹம்மத் ஷா வளர்ந்து வாலிபரானார். குடிக்கும் அடிமையானார். கோட்டைகள் குறைக்கப்பட்டவர்கள், இல்லாத வீரனுக்குச் சம்பளம் வாங்க முடியாமல் போனவர்கள், நேர்மையான கணக்கால் நஷ்டப்பட்டவர்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்தார்கள். சகோதரர்களே, நேர்மையானவனுக்கு எதிரிகள் இப்படித்தான் உண்டாகிறார்கள். அவன் யாரையும் அடித்திருக்க மாட்டான். கணக்கு மட்டும் கேட்டிருப்பான்.

1481ஆம் ஆண்டு சுல்தான் கிழக்குக் கரையோரம் படை நடத்தினார். அந்தப் படை நம் தமிழகத்துக் காஞ்சிபுரம் வரை வந்து, பொன்னுக்கு ஆசைப்பட்டுக் கோயிலைக் கொள்ளையிட்டது. மன்னர்களின் பேராசை அது. அதை மார்க்கத்தின் கணக்கில் யாரும் எழுத வேண்டாம். அந்தப் படையெடுப்பின் காலத்தில்தான் சதி முற்றியது.

வஸீரின் முத்திரையை வைத்திருந்த ஓர் அடிமை இருந்தான். சதிகாரர்கள் அவனோடு நட்புக் கொண்டார்கள். பரிசு கொடுத்தார்கள், குடிக்கக் கொடுத்தார்கள். அவன் போதையில் இருந்த ஒரு நாள், மடித்த காகிதம் ஒன்றை நீட்டி, நண்பர் ஒருவரின் கணக்குச் சீட்டு, இதில் வஸீரின் முத்திரை மட்டும்தான் பாக்கி என்றார்கள். அவன் பிரித்துப் பார்க்கவில்லை. முத்திரையை வைத்தான். அது வெற்றுத்தாள்.

பிறகு அந்தத் தாளில் ஒரு கடிதம் எழுதப்பட்டது. ஒரிசாவின் அரசருக்கு வஸீர் எழுதுவது போல, சுல்தானின் குடியாலும் கொடுமையாலும் மக்கள் சலித்துவிட்டார்கள், நீங்கள் படையெடுத்து வந்தால் நாட்டைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற கருத்தில். நிஜாமுல் முல்க் பக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து அது சுல்தானிடம் சேர்க்கப்பட்டது.

சுல்தான் குடித்திருந்தார். கடிதத்தைக் கொண்டு போனவன் யார், எங்கே பிடிபட்டான், எழுத்து யாருடைய கை என்று ஒன்றையும் கேட்கவில்லை. வஸீரை அழைத்து வரச் சொன்னார். போக வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தார்கள். குதிரைப்படை தயாராக இருக்கிறது, குஜராத்துக்குப் போய்விடலாம் என்றார்கள். அவர் மறுத்தார். பல்லாண்டு உப்புத் தின்ற வீட்டைவிட்டு ஒரு பழிச்சொல்லுக்குப் பயந்து ஓடுவது அவருக்குச் சரியாகப் படவில்லை.

சுல்தான் கடிதத்தைக் காட்டினார். முத்திரை தம்முடையது, கடிதம் தம்முடையதல்ல என்று வஸீர் சொன்னார். உண்மை முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. கேட்கும் நிலையில் சுல்தான் இல்லை. ஓர் அடிமைக்குச் சைகை காட்டினார். தம்மைப் போன்ற கிழவன் போவதால் ஒன்றுமில்லை, ஆனால் இந்தக் கொலை உங்களுக்கும் நாட்டுக்கும் அழிவாகும் என்று அந்தப் பெரியவர் எச்சரித்தார். 1481 ஏப்ரல் 5ஆம் நாள், கொண்டப்பள்ளி முகாமில், எழுபது வயதை எட்டிய அந்த உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இரண்டு பெட்டிகள்

இவ்வளவு காலம் நாட்டை ஆண்டவரிடம் மலைபோல் செல்வம் இருக்கும் என்று சுல்தான் நினைத்தார். வஸீரின் கணக்காளரை மிரட்டிக் கேட்டார். கணக்காளர் இரண்டு கஜானாக்களைக் காட்டினார். ஒன்று சுல்தானின் கஜானா, படைக்கும் குதிரைக்கும் உரியது. மற்றொன்று ஏழைகளின் கஜானா. அதில் அன்று இருந்தது 300 லாரின். அவ்வளவுதான்.

சுல்தான் அழுதார். உடலை மரியாதையோடு பீதருக்கு அனுப்பினார். ஆனால் கணக்கைப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்வதற்குப் பதிலாகத் தீர்ப்புச் சொன்னபின் கணக்கைப் பார்த்தவரின் கண்ணீரால் யாருக்கு என்ன பயன்? நிரபராதிக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று பிரபுக்கள் அரசவைக்கு வர அஞ்சினார்கள். ஓராண்டுக்குள், 1482 மார்ச் மாதம், சுல்தான் இறந்தார். சாகும் தறுவாயில் மஹ்மூத் கவான் தம்மைக் கொல்கிறார் என்று அலறியதாக ஃபிரிஷ்தா எழுதுகிறார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சில ஆண்டுகளில் நிஜாமுல் முல்க்கும் கொல்லப்பட்டார். பஹ்மனி நாடு பீஜப்பூர், அஹ்மத்நகர், பேரார், கோல்கொண்டா, பீதர் என்று ஐந்து துண்டாயிற்று.

மதரஸா மட்டும் நின்றது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், அவுரங்கசீபின் படை அதில் தங்கியிருந்த காலத்தில், உள்ளே சேர்த்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்து ஒரு பகுதி சிதறியது. வெடி செய்யும் ஊரில் இருக்கும் நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு மினாரா இன்றும் 131 அடி உயரத்தில் நிற்கிறது.

நம் கையில் இருக்கும் முத்திரை

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இது பழைய கதை என்று எழுந்துவிடாதீர்கள். நான் இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், இளவயதில், வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். பெருநாள் நெருங்கும் நேரம். ஊருக்குப் போகும் அவசரம். அறிவிப்பு ஏதாவது எழுத வேண்டியிருந்தால் எழுதிக்கொள்ளட்டும் என்று பள்ளியின் லெட்டர்பேடில் இரண்டு தாள்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஒரு தாள் ஃபித்ரா அறிவிப்பானது. இன்னொரு தாளை நான் மறந்தே போனேன்.

ஓராண்டு கழித்து ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் ஒரு காகிதம். ஓர் இளைஞர் நல்லொழுக்கம் உள்ளவர், தொழுகையாளி, பெண் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. அதை நம்பி அவர் மகளைக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு வேறோர் ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது பிறகுதான் தெரிந்திருக்கிறது. பெண் எட்டு மாதத்தில் தாய்வீடு திரும்பிவிட்டாள். அவர் என்னைத் திட்டவில்லை. இது உங்கள் கையெழுத்தா என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். பையனைத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன்.

கையெழுத்து என்னுடையது, கடிதம் என்னுடையதல்ல. நானும் மஹ்மூத் கவான் சொன்ன அதே பதிலைத்தான் சொன்னேன். ஆனால் அவர் சொன்னபோது அவர் மேல் குற்றம் இல்லை; போதையிலிருந்த அடிமை செய்த துரோகம் அது. நான் சொன்னபோது என் மேல் குற்றம் இருந்தது. வெற்றுத்தாளில் முத்திரை வைத்தவன் நானேதான். அந்தப் பெரியவர் தலைகுனிந்து நடந்து போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து வெற்றுத்தாளில் என் பேனா பட்டதில்லை.

ஆகவே மூன்று விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கையெழுத்து அமானிதம். அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கும்படி அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். நாம் அதைக் காசு, நகை, நிலம் என்று மட்டும் நினைக்கிறோம். வங்கிக் காசோலை, கடன் பத்திரம், நிகாஹ் தஃப்தர், ஜாமீன் கையெழுத்து, போனில் வரும் ஓடிபி எண், எல்லாமே முத்திரைதான். நம்பிக்கையான ஆள்தானே என்று வெற்றுத்தாளில் போடாதீர்கள். கடன் கொடுப்பவரும் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். அப்படி வாங்குவது அடுத்தவன் கழுத்தை உங்கள் பெட்டியில் பூட்டி வைப்பது.

இரண்டாவது, காகிதத்தைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி, அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்து பிறகு வருந்த நேரும் என்று ஸூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். இன்று போனில் வரும் ஒரு படம், ஒரு ரசீது, ஒரு குரல் பதிவு போதும். ஒருவரின் மானத்தைக் கொன்றுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறோம். எழுதியவர் யார், கொண்டு வந்தவர் யார், குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொல்கிறார் என்ற மூன்று கேள்விகளைச் சுல்தான் கேட்டிருந்தால் ஒரு நாடு பிழைத்திருக்கும். நாம் கேட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும். இந்தக் கதையில் இரண்டு கைகள் போதையில் இருந்தன. ஒன்று முத்திரை வைத்தது. மற்றொன்று மரணச் சைகை காட்டியது. மது தீமைகளின் தாய் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

மூன்றாவது, இரண்டு பெட்டி வையுங்கள். பள்ளியின் பணம், மதரஸாவின் பணம், சங்கத்தின் பணம், ஏலச்சீட்டுப் பணம், கூட்டு வியாபாரத்தின் பணம், யத்தீமின் பணம் யார் கையில் இருந்தாலும் சொந்தப் பணத்தோடு கலக்காதீர்கள். குறுவை அறுத்ததும் போட்டுவிடலாம் என்று எடுக்காதீர்கள். மௌத்து குறுவை வரை காத்திருக்காது. நாம் திடீரென்று போனால், மறுநாள் நம் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறப்பவர்கள் வெட்கப்பட்டுத் திரும்ப வேண்டும். நாம் அல்ல, சந்தேகப்பட்டவர்கள் வெட்கப்பட வேண்டும். மஹ்மூத் கவானுக்காக அன்று எந்த சாட்சியும் வரவில்லை. அவருடைய கணக்குப் புத்தகம்தான் சாட்சி சொன்னது.

யா அல்லாஹ்! எங்கள் கைகளையும் எங்கள் கையெழுத்துகளையும் மோசடியிலிருந்து பாதுகாப்பாயாக. பிறர் மீது அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லும் நாவிலிருந்து எங்களைக் காப்பாயாக. அநியாயமாகப் பழி சுமந்தவர்களின் மானத்தை நீயே மீட்டுத் தருவாயாக. எங்கள் கவனக்குறைவால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்திருந்தால் எங்களை மன்னித்து, அவர்களுக்குச் சிறந்த வாழ்வைக் கொடுப்பாயாக. மஹ்மூத் கவானின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக. எங்கள் ஊரின் விளைச்சலிலும் வியாபாரத்திலும் ஹலாலான பரக்கத்தைத் தருவாயாக. எங்கள் சிறு உழைப்பையும் ஏற்றுக்கொள்வாயாக.

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.